மேற்கே விடிந்த நாள்

திருப்பூரில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பல் தேய்ப்பார்கள். என் சொந்த ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. படிக்கப் போன இடத்தில் கதை விடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று சிரித்தார்கள். வேலம்பாளையத்தில் நான் குடியிருந்த லைன் வீட்டுக் குழாயடிக்கு அந்த நேரத்தில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இடுப்பில் துண்டும் வாயில் நுரையுமாக நாலைந்து பேர் நிற்பார்கள். தலை கலைந்திருக்கும், கண் இடுங்கியிருக்கும், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். பனியன் துணி நெய்கிற நிட்டிங் மெசின்கள் ராப்பகலாக ஓடுகிற ஊர் இது. எட்டுக்கு எட்டு என்று ஆட்கள் மாறுவார்கள், மெசின் நிற்காது. ஊரில் பாதிப் பேர் நடமாடும்போது மீதிப் பேர் எங்கோ கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்து ஊரிலிருந்து பி.காம். படிக்க இங்கே வந்தேன். படிப்புக்காகத் திருப்பூருக்கு வந்தவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்களெல்லாம் பிழைக்க வந்தவர்கள். பெரியப்பா மகன் சுடலைமுத்து அண்ணன் இங்கே ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தார். அவரோடு தங்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அப்பா சம்மதித்தார். அதுவும் முழுச் சம்மதம் இல்லை. பஸ் ஏற்றிவிட வந்த அன்று, "ஒரு செமஸ்டர் போயிப் பாரு. தேறுனா மேல படி. தேறல, பேசாம ஊருக்கு வந்துரு. உப்பளம் எங்கயும் ஓடிராது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. தேறினால் இந்த ஊர், தேறாவிட்டால் என் ஊர். படிக்கவும் ஆசை, திரும்பிப் போகவும் ஆசை. புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போகும் வழியை நானே அடைக்கிறேனோ என்று தோன்றும்.

அறையில் மூன்று பேர். அண்ணனுக்குப் பகல் வேலை. அர்ஜன்ட் ஆர்டர் வந்துவிட்டால் ராத்திரியும் அங்கேயே தங்கிவிடுவார். மூன்றாமவர் அப்பாஸ் அண்ணன், கடையநல்லூர்க்காரர், நிட்டிங்கில் நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் நான் காலேஜுக்குக் கிளம்பும்போது அவர் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவார். மத்தியானம் தாண்டி நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு வெளிச்சம் ஆகாது என்பதற்காக ஒரே ஜன்னலில் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் நட்டநடுப் பகலும் இருட்டுத்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவேன், சோற்றுத் தட்டைச் சத்தமில்லாமல் வைப்பேன், மூச்சைக்கூட அளந்து விடுவேன். எப்போதாவது அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "தம்பி, இது காலையா சாயங்காலமா?" என்று கேட்பார். சாயங்காலம் என்பேன். "அப்ப சரி" என்று மறுபடி படுத்துவிடுவார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொருகும். அந்த செமஸ்டர் முழுவதும் யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள் குடியிருந்ததாகத்தான் இப்போது நினைவிருக்கிறது.

எங்கள் உப்பளத்தில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அங்கே சூரியன்தான் மேஸ்திரி. வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்று அப்பா கருக்கலிலேயே கிளம்பிவிடுவார். விடுமுறையில் நானும் போவேன். பாத்தித் தண்ணீரில் முதலில் வானம் வெளுக்கும், பிறகுதான் மேலே வெளுக்கும். தரையைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். பத்து மணிக்குமேல் உப்பைப் பார்க்க முடியாது, கண் கூசும். அவ்வளவு வெளிச்சத்தில் வளர்ந்தவனைக் கொண்டுவந்து ஜன்னல் அடைத்த அறையில் விட்டால் அவன் என்ன ஆவான்? கொஞ்சம் கிறுக்குத்தான் பிடிக்கும்.

காலேஜில் எனக்குப் பழக்கமான ஒரே ஆள் பழனிசாமி. முதலிபாளையம் பக்கத்துப் பையன். அவன் அப்பா சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருந்தார். முதல் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், "எந்த ஊருங்க? இங்க எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டான். கம்பெனியில்லை, படிக்கத்தான் வந்தேன் என்றேன். "அது செரிங்க, படிக்கறதுக்கு எல்லாருந்தான் வர்றமுங்க. கம்பெனி எதுங்க?" என்றான். இந்த ஊரில் ஒருவன் எந்தக் கம்பெனிக்கும் போகாமல் சும்மா இருப்பான் என்பது அவனுக்கு விளங்கவேயில்லை. அவனே காலையில் டெலிவரி போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவான். இரண்டு மாதம் கழித்தும், நான் ஏதோ ஒரு கம்பெனியை மறைக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகை மழையோடு பரீட்சை வந்தது. எங்களுக்கு முதல் பேப்பர் வியாழக்கிழமை காலையில். அண்ணன் தூங்கும்போது அறையில் விளக்குப் போட வழியில்லாததால் முந்தின இரவு தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்திருந்தேன். அதனால் புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அப்பாஸ் அண்ணன் பாய்க்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தேன். பரீட்சை அன்று விடியும்போதே காலேஜுக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்ற திட்டம் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை. கடிகாரத்தில் மணி ஆறாகப் போகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுடலைமுத்து அண்ணன் இல்லை, ஆர்டருக்காகத் தங்கிவிட்டார். அப்பாஸ் அண்ணன் இல்லை, ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறது. அறை காலியாக இருந்தால் அது விடியற்காலைதான் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. கதவைத் திறந்தேன். சாம்பல் வெளிச்சம், லேசான தூறல். குழாயடியில் இரண்டு பேர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். எங்கோ பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கடகடவென்று குளித்து, திருநீறு பூசி, ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

முக்குக் கடையில் ஆவி பறக்க இட்லி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் அதைத் தின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர், "நேரமே கெளம்பீட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். அவர் என்னை ஷிப்டுக்குப் போகிறவன் என்று நினைத்துச் சொன்னார். நான் ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். டவுன் பஸ் முழுக்கத் தூக்குவாளியும் டிபன் கேரியரும். எல்லோர் முகத்திலும் சோப்பு வாசம். விடிய விடிய இருட்டிக்கொண்டு வந்தது. மழை பலமாகப் பிடிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் விளக்கைப் போட்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த ஊரே சேர்ந்து எனக்கு ஒரு காலையை ஜோடித்துக் கொடுத்திருந்தது, நான் மட்டும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

காலேஜ் கேட் சாத்தியிருந்தது. காக்கைகள் கூட்டமாக வேப்பமரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கட்டடத்துக்குப் பின்னால், மேகத்துக்கு அடியில், ஒரு கோடு சிவப்பு தெரிந்தது. எங்கள் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான். மத்தியானம் தாண்டினால் வெயில் அதன் வழியாகத்தான் வந்து என் கண்ணைக் குத்தும். அது மேற்கு. மேற்கே சூரியன் உதிக்காது என்று எனக்குள் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அப்படியானால் இது சாயங்காலம். ஆனால் எந்தச் சாயங்காலம்? நேற்று மத்தியானம் படுத்தவன் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தூங்கித் தீர்த்துவிட்டேனா? அந்த அறையில் அது நடக்கக்கூடியதுதான் என்று தோன்றியது.

வாட்ச்மேன் தாத்தா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். "பரீட்சை...?" என்று மட்டும் கேட்டேன்.

"அது மத்தியானமே முடிஞ்சு போச்சுங்களே. புள்ளைங்கல்லாம் ஊட்டுக்குப் போயாச்சு. நீங்க எங்கீங்க இருந்தீங்க கண்ணு?"

"தூங்கிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நைட்டுக்குப் போயிட்டுப் படிக்கறதுன்னா செரமந்தானுங்க" என்றார். அவருக்கும் நான் ஒரு கம்பெனி ஆள்தான்.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நனைந்துகொண்டே நடந்தேன். முதலில் அப்பா முகம் வந்தது. சீட் கிடைத்த அன்று தெருவில் போன ஒருவர் விடாமல் அம்மா கூப்பிட்டுச் சொன்னது வந்தது. அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. பாதி வழியில் அழுகை தானாக நின்றது. அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? நானாக எதையும் செய்யவில்லை, தூக்கம் என் சார்பில் முடிவு செய்துவிட்டது. இது மழைக்காலம், உப்பளத்தில் வேலை இருக்காது, அப்பா வீட்டில்தான் இருப்பார். விடியும்போது நான் போய் நின்றால், "வந்துட்டியால" என்பார். வேறு எதுவும் கேட்க மாட்டார். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து ஊரைச் சுற்றி வானமாகக் கிடக்கும். அதை நினைத்ததும் நடை வேகமானது.

தூத்துக்குடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவசரத்துக்கு என்று அண்ணன் கொடுத்துவைத்திருந்த ரூபாய் நோட்டு நனையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முன் சீட்டில் ஒரு அம்மா, "எக்கா, பிள்ளய மடியில வச்சுக்கிடுங்க" என்று யாரிடமோ சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டதும் உடம்பு முழுவதும் தளர்ந்தது. கண்ணை மூடினேன். பஸ் கிளம்பாமலே நான் பாதி தூரம் போய்விட்டேன்.

ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். பழனிசாமி. பனியன் மூட்டைகளை அந்தப் பஸ்ஸின் மேலே ஏற்றி அனுப்ப வந்திருக்கிறான். "ஏனுங்க, நாளைக்குப் பரீட்சைய வெச்சுக்கிட்டு எங்கீங்க கெளம்பீட்டீங்க?"

"இன்னைக்கு முடிஞ்சிட்டுல்லா?" என்றேன்.

"இன்னைக்கு மூணாம் வருசத்துக்காரங்களுதுங்க. நம்முளுது நாளைக்குத்தானுங்க. இன்னைக்குப் புதன்கிழமைங்க!"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி கதவு திறந்துவிட்டது என்று அவன் சொல்கிறான். எனக்கோ கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம். தூங்கிவிட்டேன் என்று வீட்டில் சொன்னால் நம்புவார்கள், அதில் பொய்யும் பெரிதாக இல்லை. ஆனால் இனிமேல் போவது தூக்கமாக இருக்காது, நானாக இருப்பேன். பழனிசாமி கம்பியை விட்டுக் கையை எடுக்காமல், "ஏதுங்க, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

கண்டக்டர் வந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆள்தான், மீசையிலேயே தெரிந்தது. "எங்க போணும்?"

"இல்லீங்க, நான் எறங்கிக்கறனுங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. இந்த ஊர்ப் பேச்சு எங்கிருந்து ஒட்டியது, எப்போது ஒட்டியது, எனக்கே தெரியாது.

அவர் மரியாதையாக விலகி நின்றார். "பாத்து எறங்குங்க சார்" என்றார். பிறகு டிரைவரிடம், "உள்ளூர் ஆளு அண்ணாச்சி, வண்டி மாறி ஏறிட்டாரு" என்றார். நான் மாறவில்லை, இது என் வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன செய்வது? இறங்கினேன். கீழே பழனிசாமி, மூட்டை ஏற்றியவரிடம் என்னைக் காட்டி, "நம்மகூடப் படிக்கறவருங்க. தூத்துக்குடிக்காரருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பரீட்சை எழுதினேன். தேறினேன். படிப்பு முடிந்து இங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலையும் கிடைத்தது. அப்பா கடைசிவரை, எப்போது வருகிறாய் என்று என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்த முன்னிரவு இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது. பழனிசாமியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். மூட்டை கட்டிய கயிறு இன்னும் அதில் கிடந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும் குறுகலான ரோட்டில், பின்னாலிருந்து ஒரு ஹாரன் விடாமல் அடித்தது. திரும்பினால் தூத்துக்குடி வண்டி. படியில் தொங்கியபடி கண்டக்டர், "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று எங்களைப் பார்த்துக் கையை வீசினார். பழனிசாமி சாக்கடை ஓரமாகச் சைக்கிளை ஒதுக்கினான். நானும் வண்டியில் பட்டுவிடாமல் காலை ஒடுக்கிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலில் இப்போது வேறு யாரோ தலை சாய்த்திருந்தார்கள். வண்டி தாண்டிப் போகும்வரை அப்படியே வழிவிட்டு நின்றோம்.