நோரீன் பவ்லிக் கொடுத்த புகார்

நோரீனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அந்த மார்ச் மாதம் முழுக்க அவள் குரல் தரையோடு தரையாகத்தான் கிடந்தது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் சின்னக் கல்லூரியில் அவள் வெல்டிங் ஆசிரியை. நான் பக்கத்துக் கூடத்தில் லேத் சொல்லிக்கொடுக்கிறவன். நடுவில் ஒரு தகரக் கதவுதான். அதனால் பாதி என் காதுபட நடந்தது, மீதியை அவளே வந்து கொட்டினாள்.

வேட் டாக்கெட் என்று ஒரு மாணவன். சேர்ந்தபோது வாய் ஓயாத பையன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவன் அண்ணன் சாலை விபத்தில் போய்விட்டான். திரும்பி வந்தவன் வேறு ஆள். சாப்பாட்டு நேரத்தில் தன் பிக்கப் டிரக்கை விட்டு இறங்கமாட்டான். யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவான். துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நோரீன் பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் தன் வெல்டிங் முகக்கவசத்தைப் பக்கத்து மேஜை யெசேனியாவிடம் நீட்டினான். அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதுவரை யாரையும் தொட விட்டதில்லை.

“நீயே வச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்.”

“ஏன், படிப்ப விடப் போறியா?”

“இந்த எடத்தப் பத்தி டிவில சொல்லுவாங்க, பாரு.”

மற்ற பையன்கள் சிரித்தார்கள். நோரீன் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே நிறுத்தினாள்.

“வேட், உன்ன நீயே ஏதாவது பண்ணிக்கணும்னு நெனப்பு வருதாப்பா?”

“உங்க வேலயப் பாருங்க, மிஸ்.”

அவன் போன பிறகு கூடத்தைப் பூட்டப் போனாள். அவன் மேஜைப் பக்கம் ‘உஸ்’ என்று சத்தம். கேஸ் சிலிண்டரின் வால்வு திறந்து கிடந்தது. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா? ஓடிப்போய் அதை மூடினாள்.

அன்றே அலைய ஆரம்பித்தாள். துறைத்தலைவர் லெம்கி, “ஏற்கனவே புள்ளைங்க சேர மாட்டேங்குதுங்க. நீ போலீசு கீலீசுன்னு கெளப்பாத, நோரீன்,” என்றார். வளாகக் காவலர், “யாரயாவது பேர் சொல்லி மெரட்டினானா? இல்லல்ல? அப்ப நான் என்னம்மா செய்ய?” என்றார். மனநல ஆலோசனை அறையில், “அவரே வந்தாத்தான் பேச முடியும்” என்றார்கள். மாணவர் நல அலுவலகத்தில் திருமதி ஹோல்கம்ப் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுக்குன்னு இருக்குற குழு வெள்ளிக்கிழம கூடுது. அதுல வைக்கிறேன்,” என்றாள்.

நோரீன் என் கூடத்துக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “சந்தேகமா எதப் பாத்தாலும் சொல்லுங்க, சொல்லுங்கன்னு செவுரு பூரா ஒட்டி வச்சிருக்கானுங்க. சொன்னா கேக்க ஒரு நாற்காலில ஆளக் காணோம்!”

மறுநாள் காலை யெசேனியா தயங்கித் தயங்கி வந்து தன் போனை நீட்டினாள். வேட் போட்டிருந்த படம்: டிரக் இருக்கை, அதன்மேல் ஒரு துப்பாக்கி.

“நேத்து ராத்திரியே பாத்தேன், மிஸ். காட்டிக் குடுத்தவள்னு பேர் வரும்னு வாய மூடிக்கிட்டேன்.”

“இப்ப வந்துட்டேல்ல. நட.”

இருவரும் நேரே ஹோல்கம்ப் அறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். படத்தைப் பார்த்தும் அவள் பழக்க தோஷத்தில், “வெள்ளிக்கிழம குழுவுல...” என்று இழுத்தாள்.

“அவன் டிரக் இப்ப வாசல்ல நிக்குது,” என்றாள் நோரீன், குரல் காதில் விழாத அளவுக்கு இறங்கி. “வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்கச் சொல்லி அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

ஹோல்கம்ப் போனை எடுத்தாள்.

நகரப் போலீசும் ஆலோசகர் ஒருவரும் வந்தார்கள். வகுப்புகளின் கதவுகள் பூட்டப்பட்டன. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். டிரக் கண்ணாடி இறங்கியது. ஆலோசகர் குனிந்து என்னென்னவோ பேசினார். வேட் வெறுங்கையோடு இறங்கி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். துப்பாக்கி இருக்கைக்கு அடியில் இருந்தது. அவனுக்காகவா, எங்களுக்காகவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு நோரீன் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்: “மாணவர் அந்தரங்கம், சொல்லக்கூடாது.” ஆசிரியர் கூட்டத்தில் லெம்கி எழுந்து, நம் ஏற்பாடு அருமையாக வேலை செய்தது என்று பாராட்டினார். நோரீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மே மாதம் யெசேனியாவுக்கு வேட் எழுதியிருந்தான். மாமா வீட்டில் இருக்கிறானாம், டாக்டரைப் பார்க்கிறானாம், தூக்கம் வருகிறதாம். மிஸ் மேல் கோபம் மட்டும் போகவில்லையாம். அதைக் கேட்டு நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கட்டும்,” என்றாள்.

கோடையில் கல்லூரி ஒரு புதுத் தொலைபேசி எண்ணை அறிவித்தது. இனி யாரும் வாசல் வாசலாக ஏற வேண்டாம், எதுவானாலும் இதில் சொல்லலாம் என்றார்கள். அறிவிப்பு வந்த அன்றே நோரீன் அழைத்துப் பார்த்தாள். அலுவலக நேரத்தில் மறுபடி அழைக்கவும் என்றது பதிவுசெய்த குரல். மணி பகல் பதினொன்று.

போனை மேஜையில் வைத்துவிட்டு ஹோல்கம்ப் அறையைப் பார்க்க நடந்தாள்.