நூலகர் கலியபெருமாளுக்கு வந்த மாலை

பாச்சை உருண்டை வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும்; எனக்கு நெட்டப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த பெரிய பீரோதான் ஞாபகம் வரும். அதற்குள் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரியாததால் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் பீரோவும் பூட்டியே கிடக்கும். வருகிற நாலு பேரும் பேப்பர் பார்த்துவிட்டு மின்விசிறிக்கடியில் தூங்கிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் மேலதிகாரி வந்து, அடுத்த முறை வருவதற்குள் புத்தகங்கள் வெளியே போகாவிட்டால் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நூலகர் கலியபெருமாள் சாருக்கு முகமே செத்துப்போனது. தினமும் பீரோவைத் திறந்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போல ஒவ்வொரு புத்தகத்தையும் துடைத்து வைத்து மறுபடி பூட்டுகிறவர் அவர்.

புத்தகங்கள் இருப்பதை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, 'மைக்செட்டு' எத்திராஜை அழைத்தார். ஆட்டோவில் குழாய் கட்டி அறிவிப்புச் செய்ய எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் சாவுச் செய்தி தவிர வேறு எதுவும் சொல்லிப் பழகாதவர். சார் எழுதிக் கொடுத்ததையும் அதே இழுவையில், "நமதூர் நூலகர், கலியபெருமாள் அவர்கள்..." என்று ஆரம்பித்து, வழக்கம்போல் தொண்டை கம்ம நிறுத்தி, மீதியைச் சொல்வதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் ஊரே நூலகத்துக்கு வந்துவிட்டது. என் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து கால் சேற்றோடு, கையில் சாமந்தி மாலையோடு வந்தார். நான் அவர் பின்னால் ஓடினேன். கூட்டத்தைக் கண்ட சார் பூரித்துப்போய்ப் படியில் நின்று எல்லாரையும் கும்பிட்டார். அழத் தயாராக வந்த பெண்கள் முந்தானையை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்கள்.

எதிர்வீட்டுப் பச்சையப்பன் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "இன்னா சார், நல்லாத்தான கீற?"

விஷயம் புரிந்ததும் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அப்பாவுக்கு வேறு கவலை. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, உயிரோடு இருப்பவருக்குப் போடவும் கூடாது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்த நேரத்தில், பின்னாலிருந்த ஆடு ஒன்று பாதி மாலையைத் தின்றுவிட்டது.

வந்தது வந்தாயிற்று என்று எல்லாரும் உள்ளே போனார்கள். பீரோ திறந்திருந்தது. மாட்டு வைத்தியப் புத்தகமும் கோலப் புத்தகமும் கை மாறின. பிளந்த கரும்பு உள்ளே சிவந்திருக்கிற படம் ஒன்றைப் பார்த்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "நம்ம கொல்லையில கீற நோவு இதான்டா," என்று என்னிடம் சொன்னவர், அதன் பிறகு அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

கிளம்பும்போதுதான் வேடிக்கை. சாவு வீட்டுக்கு வந்த பழக்கத்தில், எல்லாரும் சொல்லிக்கொள்ளாமலே நழுவினார்கள். சார் வாசலை மறித்து நின்றார்.

"போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கப்பா. நான் உயிரோடதான கீறேன்."

அப்பா சிரித்தபடி சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். சொன்னபடி வந்தார்கள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துப் போனார்கள். மேலதிகாரி மறுபடி வந்தபோது பீரோ பாதி காலி. காலியான தட்டுகளைச் சார் கல்யாண வீட்டுச் சீர்வரிசை போலக் காட்டினார்.

இன்று எத்திராஜின் ஆட்டோ இல்லை; சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. எந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் என்பதை இணையதளமே சொல்லிவிடுகிறது. போன வாரம் என் மகள் வண்ணத்துப்பூச்சிப் புத்தகம் ஒன்றைப் போனில் தேடிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"யாரோ எடுத்துகினு போய்ட்டாங்களாம்பா."

"அப்பாடா," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.