பின்கதவில் ஒரு கணு

டூட்டிங் சிக்னலில் என் காருக்கு முன்னால் கல்யாணப் பூ வைத்த பழைய கார் ஒன்று வந்து நின்றது. அதன் பின்பாதி முழுக்க மரப்பலகை. கண்ணாடியை இறக்கினேன். மழையில் நனைந்த வார்னிஷ் வாசம் வந்தது.

எண்பதுகளின் கடைசியில், ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட் ஃபிளாட்டில், அப்பா பழைய ஆங்கிலப் படங்களை வீடியோவில் பதிந்து பார்ப்பார். இப்படி மரக் கார் வந்தால் சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் படத்தை நிறுத்துவார்.

"காரைப் பார்க்கிறாரோ, உள்ளுக்கு இருக்கிறவளைப் பார்க்கிறாரோ," என்பார் அம்மா குசினி அடுப்படியிலிருந்து. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஒருநாள் அப்பா திரையைத் தட்டினார். "போன கிழமைப் படத்தில வந்த அதே கார். நம்பரை மாத்திப்போட்டு வேற கார் எண்டு பேய்க்காட்டுறாங்கள்."

"எப்பிடித் தெரியும்?"

"இது கையால செய்த மரப் பெட்டி. ஒண்டைப்போல ஒண்டு இராது. பின்கதவில இந்தக் கணுவைப் பார்."

நான் நம்பவில்லை. மற்றப் படத்தையும் போட்டுப் பார்த்தேன். கணு அதே இடத்தில் இருந்தது.

"படம்தானே அப்பா, அதுக்கேன் இவ்வளவு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரில உன்ர சித்தப்பாவைப் பிடிச்சு ஏத்திக்கொண்டு போன வானின்ர நம்பரைப் பாடமாக்கி வைச்சிருந்தனான். பொலிசில கேட்டதுக்கு அப்பிடியொரு நம்பரே இல்லையெண்டிட்டாங்கள். வானை நான் வடிவாப் பார்க்கேல்லை."

அதன்பிறகு அம்மா நடிகைகளைப் பற்றிப் பேசவில்லை.

சிக்னல் பச்சையாகி, மரக் கார் போய்விட்டது. அதன் நம்பரை நான் பார்க்கவில்லை. பின்கதவின் கீழ்ப் பலகையில், இடதுபக்கம், ஒரு வெடிப்பு இருந்தது.