தேரிக்குப் போன என் மோட்டார்

மோட்டாரை வாடகைக்கு விடுவதே வயிற்றெரிச்சல். "டிரைவர் வேண்டாம், நானே ஓட்டிக்கிறேன்" என்பவரிடம் விடுவது இருக்கிறதே, அது விலைக்கு வாங்கிய வயிற்றெரிச்சல். கைப்பொருளை இரவல் கொடுத்துக் கெட்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும். யுத்தத்துக்கு முந்தி மதுரை தெற்குவாசலில் ஒரே ஒரு மோட்டாரை வைத்து என் குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

மாடும் மோட்டாரும்

கீழமாசி வீதியில் தானியக் கடை வைத்திருந்த முத்தையா வண்டியை வாடகைக்குக் கேட்டு வந்தார். வண்டி ஓட்டப் பழகியதே அந்த வருஷம்தான். திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டுக்கு நடுவே அவர்கள் குலசாமி கோயில். மாமனாரைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசல்வரை தானே ஓட்டிப் போகத் திட்டம்.

தேரி என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல். ரோடு கிடையாது, கிணறு கிடையாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. "மணல் தொடங்குற எடத்துலயே வண்டிய நிப்பாட்டிருங்க, அங்கேருந்து மாட்டுவண்டி பிடிங்க" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணே, ரெண்டு மாடு இழுத்துட்டுப் போற எடத்துக்கு இம்புட்டுப் பெரிய மோட்டாரு போகாதாக்கும்?"

தெற்கே சூலம்

புதன்கிழமை சாயங்காலம் வண்டியை அவர் வீட்டில் விட்டேன். இஞ்சின் கொதித்தால் ஊற்றுவதற்கு இரண்டு டின் தண்ணீரை என் கையாலேயே பின்னால் கட்டிவைத்தேன். மாமனார் வெளியே வந்தார். விடிந்தால் வியாழன், தெற்கே சூலம், கிளம்பக் கூடாதாம். பயணச் சாமான் ஒன்றை முதல்நாளே நல்ல நேரத்தில் வேறு வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். பரஸ்தானம் என்பார்கள். நானும் வைத்திருக்கிறேன், அதைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் துணி காயவில்லை, கட்டுச்சோறு ஆகவில்லை, தயாராக இருந்தவை என் டின்கள்தான். அவிழ்த்துக் கொண்டுபோய் அடுத்த தெருவில் சம்பந்தி வீட்டில் வைத்துவிட்டார்! "காலையில எடுக்க மறந்துராதீக" என்று கெஞ்சினேன். மாமனார் சிரித்தார். "பயணம் இப்பவே கிளம்பியாச்சுப்பா, இனி எல்லாத்தையும் சாமி பாத்துக்கிரும்."

கிளம்பிய வண்டி

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது: வண்டி நின்றுவிட்டது, வரவும். அடித்துப் பிடித்து பஸ் ஏறித் தேரி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், நாலு மாடுகள் என் மோட்டாரை மணலிலிருந்து இழுத்து வந்துகொண்டிருந்தன. தண்ணீரில்லாமல் கொதித்துக் கொதித்து இஞ்சின் இறுகிப்போயிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"டின்னு எங்கய்யா?" என்று கத்தினேன். காலையில் மறந்துவிட்டார்களாம். திருமங்கலத்திலேயே ஞாபகம் வந்ததாம். வந்தும், கிளம்பின வண்டியைத் திருப்பினால் சகுனக்கேடு என்று அப்படியே விட்டுவிட்டார்களாம்! வழியில் ஒரு டின் வாங்கவும் தோன்றவில்லை. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கிறேன், மாமனார் என் நெற்றியில் திருநீறு பூசுகிறார். "பாத்தியா தம்பி, பரஸ்தானம் வச்சதுனாலதான் நாங்க உசுரோட இருக்கோம். ஒன் வண்டிக்குத்தான் தனியா ஒண்ணு வைக்காம விட்டுட்டோம்!"

அதற்கப்புறம் அந்த மோட்டார் ஓடவில்லை, நான் மில்லுக்கு வேலைக்குப் போனேன். நல்ல நேரத்தில் கிளம்பி ஒரு சேதமும் இல்லாமல் தப்பியவை, சம்பந்தி வீட்டில் இருந்த என் தண்ணீர் டின்கள்தான்.