பின்னால் நின்றவன்

அத்தான் காஸ் துணி மடிப்பதை முதன்முதலாகப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தலையில் பச்சைத் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய துணி, எதிரே மேஜை நிறைய வெள்ளை. பதினாறு வருடம் லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள், காயத்துக்குக் கட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த மெல்லிய துணியை நான்காக, எட்டாக மடித்து ஓரம் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தன. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அவரைவிட வேகமாக மடித்தார்கள். அவர் தலை நிமிரவே இல்லை. பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று போன நான், வாசலோடு திரும்பிவிட்டேன். அப்போது செயற்கைப் பாதம் மாட்டி நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதமும் அவர் அந்த மேஜைக்கு வந்ததும் ஒரே காரணத்தால்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். எனக்கு இருபத்தாறு வயதில் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பஞ்சு குடோனில் வேலை. வருகிற சரக்கைச் சரிபார்த்து இறக்கிவைக்க வேண்டும். ஒருநாள் காலை, தூறலில், அத்தானின் லாரியே பஞ்சு பேல்களோடு வந்து நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும். பின்னால் நின்று குரல் கொடுத்தவன் நான். சற்று நேரத்தில் பின் டயர் என் இடது பாதத்தின் மேல் ஏறியிருந்தது.

கண்ணாடி பார்க்காமல் எடுத்துவிட்டார் என்றார்கள் எல்லோரும். என் அம்மா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே, "எந் தம்பி காலை எடுத்துட்டு இனி அந்த வண்டியில எப்படி ஏறி உக்காருவீக?" என்று கேட்டாள். அதன் பிறகு அவர் லாரியில் ஏறவே இல்லை; காஸ் துணி யூனிட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

நடந்தது வேறு. "வரலாம், வரலாம்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதைக் கேட்டு நான் வண்டிக்குப் பின்னால் குறுக்கே நடந்தேன். தரை ஈரம், வழுக்கிவிட்டது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வலியில் சொல்லவில்லை. பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிப்போனது. இன்ஜின் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்படியே பதினோரு வருடம் போயிற்று.

பிறகு வியாபாரம் படுத்தது. காஸ் துணிக்கு ஆர்டர் குறைந்து, மூன்று ஷிப்டு ஒன்றானது; வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். கடைசியில் அத்தானோடு சேர்த்துப் பலரை, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் ஊரான சோழபுரத்திலிருந்து தினமும் இராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்து மில் வாசல்களில் ஏறி இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவருக்கு எங்கேயும் இடமில்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் லாரிகளை நிறுக்கும் ஒரு எடை மேடையில் எடைச் சீட்டுப் போடும் வேலையில் இருந்தேன்; இப்போதும் அங்கேதான். லாரிகள் குறைந்திருந்தாலும், ஓடுகிற லாரிகளுக்கு டிரைவர் கிடைக்கவில்லை. இரண்டு லாரி வைத்திருந்த முதலாளி ஒருவர், நிதானமான ஆள் யாராவது இருந்தால் சொல் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த நிதானமான ஆள் ஒருவர்தான்.

அந்த வாரமே அத்தான் லைசென்ஸ் புதுப்பிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக அக்கா சொன்னாள். நானும் கூடப் போனேன். லாரியைத் தொடாத அத்தனை வருடங்களிலும் ஹெவி லைசென்ஸை அவர் காலாவதியாக விட்டதே இல்லை. வேலை முடிந்ததும் கோயில் தெரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"ஓட்டாத ஆளுக்கு இது எதுக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் மாப்ளே."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். வரலாம் என்று சொல்லிக்கொண்டே குறுக்கே நடந்ததை, வழுக்கியதை, டீக்காகத் திரும்பியதை, ஒன்றையும் விடாமல். தப்பு என்னுடையது, அதனால் நீங்கள் தாராளமாக வண்டி எடுக்கலாம், ஒரு முதலாளி ஆள் தேடுகிறார் என்று ஏதோ தீர்ப்பு வாசிப்பவனைப் போல முடித்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒன் கொரலு எனக்குக் கேட்டுச்சு. கேட்டுத்தான் வந்தேன்."

என் டம்ளரையும் கீழே வைத்தேன். "அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"கால் போயிக் கெடக்கவன்கிட்ட வந்து, ஒன்னாலதாம்லேன்னு சொல்லச் சொல்லுதியா?"

"அப்புறம் வண்டிய ஏன் விட்டீக?"

"பின்னாடி எவன் வரலாம்னு சொன்னாலும் நம்ப முடியல மாப்ளே. கால் பிரேக்குக்குப் போயிருது. நம்பிக்கையில்லாம வண்டிய எப்படிப் பின்னால எடுக்க?" என்றவர், எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "நான் ஓட்டணும்னா மொதல்ல நீ பின்னாடி நில்லு. பொறவு பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எடை மேடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு முதலாளியின் லாரி வந்தது. மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்து மலையில் வெயில் விழுந்திருந்தது. அத்தான் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறினார். நான் சுற்றுச்சுவரை ஒட்டி, வலது கண்ணாடியில் தெரிகிறபடி நின்றேன். பயப்படப்போவது அவர்தான் என்று நினைத்திருந்தேன். ரிவர்ஸ் கியர் விழுந்த சத்தத்தில், இல்லாத என் பாதம் வலித்தது. "வரலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டி அப்படியே நின்றது. அவர் எட்டிப் பார்க்கவில்லை, அதட்டவில்லை. கண்ணாடியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.

"வரலாம்" என்றேன். வண்டி ஓர் அடி வந்து நின்றது. மறுபடி சொன்னேன். மறுபடி ஓர் அடி. சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் "போதும்" என்று கத்தினேன். சொன்ன இடத்தில் நின்றது. இறங்கி வந்து இடைவெளியைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா" என்றார். வெயில் ஏறும்வரை பதினைந்து தடவையாவது எடுத்திருப்போம். கடைசி நான்கைந்து தடவை அவர் பிரேக் மிதிக்கவே இல்லை. என் குரல் நிற்கிற இடம்வரை ஒரே சீராக வந்தார். அடுத்த வாரம் கொச்சிக்கு முதல் லோடு எடுத்தார்.

ஒன்றரை வருடமாகிறது. தொழில் இன்னும் முழுசாக நிமிரவில்லை. போன மாதம் யூனிட்டிலிருந்து ஆள் அனுப்பி, ஒரு ஷிப்டு கூடுகிறது, வாருங்கள் என்றார்கள். "வேலையில்லாம எம்புட்டோ பேரு இருக்காக, அவுகளுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார் அத்தான். ஆனால் அவர் வண்டி எடுக்கும்போது அக்கா வாசலுக்கு வருவதில்லை. லாரியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லிவிட்டதோடு என் பாரம் இறங்கிவிட்டதாக நினைத்து இருந்துவிட்டேன். அது போதாது.

நேற்று லீவு போட்டுவிட்டு சோழபுரம் போனேன். தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இம்புட்டு வருசமா அந்த மனுசனை நான் ஏசுன ஏச்சு அம்புட்டும்?" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். எழுந்து போய் போனை எடுத்து வந்தாள். அவர் வண்டி எடுத்துப் போனபிறகு அவள் ஒருநாளும் அவரைப் போனில் கூப்பிட்டதில்லை. மணி நெடுநேரம் அடித்தது.

"செத்த பொறு, ஓரமா நிப்பாட்டுதேன்" என்று அவர் குரல் கேட்டது. பிறகு இன்ஜின் அடங்கியது. "என்ன, யாருக்கும் எதுவுமா?"

"ஒண்ணுமில்ல. எங்க வாரீக?"

"ஆரியங்காவு தாண்டிட்டேன்."

"மெதுவா வாங்க. சோறு வடிச்சு வைக்கேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ போயிராத. அவிய வந்ததும் எம் முன்னாடி இன்னொருக்கா சொல்லணும்" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் செயற்கைப் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.