ரசமட்டத்தின் கட்டைவிரல்

ஒரு டைல்ஸைப் பதித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்துக் கல்லும் இதுவும் சேருகிற சந்தின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டுவார். மயிரிழை மேடு இருந்தாலும் விரல் அங்கேயே நின்றுவிடும். "எந்திரி" என்று கல்லிடமே சொல்லிவிட்டு, கரண்டியால் நெம்பி எடுத்து, அடியில் இருக்கும் கலவையை வழித்து, மறுபடி முதலிலிருந்து பதிப்பார். கூட வேலை செய்பவர்கள் சிரித்தால், "நாளைக்கு ஒரு குழந்தை இதுல தடுக்கி விழுந்தா நீயா வந்து தூக்கப் போற?" என்பார். சிரித்தவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

அவருக்கு அங்கே பெயர் ரசமட்டம். கட்டட வேலையில் தரை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு நீர்க்குமிழி ஓடும் கட்டை, அதன் பெயர். வேலைக்காக மட்டும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. மனிதருக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் அடுத்தவர் தட்டை நேராக்குவார். அறை வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மறு நிமிஷம், "இடது பக்கம் இறங்குது, டயரைப் பாருப்பா" என்பார். நாடு விட்டு நாடு வந்து இத்தனை வருஷத்தில் அவரால் நேராக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: மேல்கட்டிலில் ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கும் டிரைவர்.

கையுறை என்றால் அவருக்கு அலர்ஜி. ஃபோர்மேன் மாதத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார். இவர் அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போடுவார். "கிளவுஸ் போட்டுக்கிட்டுக் கல்லு போடுறதும் போர்வையைப் போத்திக்கிட்டுக் குளிக்கிறதும் ஒண்ணுதான்" என்பது அவர் வாதம். ஃபோர்மேனும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வேலை சுத்தமாக இருக்கும்போது யார் வாயைக் கொடுப்பார்கள்?

ஊரில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பள்ளியின் கடைசி வகுப்பு, அவளுக்கு இளையவன் ஒரு பையன். மனைவியோடு விவாகரத்தாகிப் பல வருஷம் ஆயிற்று. காரணம் கேட்டால், "போன்லயே குடித்தனம் பண்ணோம், போன்லயே முடிஞ்சு போச்சு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். அந்த அம்மாளைக் குறை சொல்லி யாரும் அவர் வாயைப் பிடுங்க முடியாது. பெயரையும் சொல்ல மாட்டார். பிரிந்த நாளிலிருந்து "பிள்ளைங்க அம்மா"தான்.

விடுமுறை நாள் காலையில் மகளோடு பேசுவது வழக்கம். அப்படி ஒரு காலையில்தான் அவள் கேட்டாள். தனக்கும் தம்பிக்கும் பெயருக்குப் பின்னால் நிற்கும் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு அம்மாவின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று.

இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி அப்படியே நின்றது.

"ஏம்மா, என் பேரு நல்லா இல்லையா?"

"அப்படி இல்லப்பா. எங்க போனாலும் அம்மாவை நிக்க வெச்சுக் கேக்குறாங்க. பேரு வேறயா இருக்கே, அப்பா எங்க, அவர் சம்மதம் எங்கன்னு. போன வாரம் தம்பிக்குக் கை உடைஞ்சப்போ ஆஸ்பத்திரியில கூடக் கேட்டாங்க. அம்மா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொல்றாங்க. எனக்குக் கேக்கவே பிடிக்கல."

"அம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"அம்மாவுக்குப் பிடிக்கவே இல்ல. உங்க மனசு கஷ்டப்படும்னு திட்டுறாங்க. நான்தான் கேக்குறேன். பரீட்சைக்கு இந்த மாசக் கடைசில பேரு அனுப்பிடுவாங்க. அப்புறம் சர்டிஃபிகேட்ல அதுதான் நிக்கும். நீங்க அங்க தூதரகத்துல போய்ச் சம்மதம் குடுக்கணும். வேணாம்னா சொல்லிடுங்கப்பா, கோவிச்சுக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்தார். வலித்தது. வலிக்கவில்லை என்று அவரும் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பொத்தானைத் தப்பான ஓட்டைக்கு நேராகத் தைத்து, பிரித்து, திரும்பத் தைத்தார். பையனுக்குக் கை உடைந்ததே இப்போதுதான் தெரியும் என்பதுதான் அவரை அதிகம் குடைந்தது. சாயங்காலம் மேல்கட்டிலைத் தட்டி, "நாளன்னைக்கு எனக்கு லீவு. தூதரகம் வரைக்கும் வண்டி எடுப்பியா?" என்றார்.

விஷயத்தைக் கேட்ட டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அந்தம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாண்ணே?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? அண்ணே, வீடு இல்ல, வாசல் இல்ல, பிள்ளைங்களும் பக்கத்துல இல்ல. இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணு. அதையும் தூக்கிக் குடுத்துட்டா உனக்குன்னு என்ன இருக்கு?"

"இத்தனை கட்டடத்துல கல்லு போட்டிருக்கேன். எதுலயாவது என் பேரு இருக்கா? நடக்கிறவன் வழுக்காம நடக்கிறான்ல? நீ வண்டி எடுப்பியா மாட்டியா, அதைச் சொல்லு."

ஒளித்துச் செய்வது அவருக்குப் பழக்கமில்லை. ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். அண்ணன் குரல் அறைக்கே கேட்டது.

"டேய், உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? நாலு பேர் முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? அப்பன் இல்லாத பிள்ளைங்களாடா அதுங்க? நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன்."

"அதுங்களுக்கு அப்பன் நான். விடுறதுக்கு நீ யாருண்ணா?"

"கையெழுத்து மட்டும் போடு, அப்புறம் நீ என் தம்பியே இல்ல."

"சரி. போட்டுட்டே போன் பண்றேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த வேலையாகப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார்.

போகிற நாள் காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது. டைல்ஸ் வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான இடத்துக்குப் போவதென்றால் கையிலும் நகத்திலும் ஒட்டியிருக்கும் சிமென்ட் கறையைப் போக்க, தரை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து கை கழுவுவார்கள். வேறு எதற்கும் அந்தக் கறை மசியாது. ரசமட்டம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே. பிள்ளைகள் காரியம் என்று இன்னும் கொஞ்சம் ஆசிட்டை ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கல்யாண மாப்பிள்ளைபோல் பளபளவென்று கையை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. காகிதங்களைப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லி, சின்னக் கண்ணாடி வைத்த இயந்திரத்தை முன்னால் தள்ளினாள். கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று பத்து விரலும் ஒரு சுற்று வந்தாயிற்று.

"சார், உங்க விரல்ல ரேகையே இல்லையே" என்றாள்.

அவர் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே சிமென்ட் அரித்து மிச்சம் வைத்திருந்ததை அன்று காலை ஆசிட் கழுவி விட்டிருந்தது. அவர் போட்ட கல் மாதிரியே வழவழவென்று இருந்தது விரல்.

"கையெழுத்துப் போடுறேனே மேடம். ஆளு நான் நேர்லயே நிக்கிறேன்."

"கையெழுத்தும் வேணும், ரேகையும் வேணும் சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது. கைக்கு ரெஸ்ட் குடுத்தா திரும்ப வளரும். மாசக் கடைசிக்குள்ள ஒருதரம் வாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தேதி இல்ல."

வண்டியில் திரும்பும்போது டிரைவர் வாயே திறக்கவில்லை. போனில் அண்ணன் திறந்தார். "பாத்தியா? கடவுளே வேணாம்னு தடுக்கிறாரு."

"கடவுளுக்கு வேற வேலை இல்லையா? ஆசிட் ஊத்தினது நான்."

அன்று சாயங்காலம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, பிள்ளைகளின் அம்மாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "வேணாம், விட்டுடுங்க. உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நான் இவ்வளவு நாள் பதில் சொன்னேன், இன்னும் சொல்லிட்டுப் போறேன்." அதை இரண்டு தரம் கேட்டார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தூசி தட்டி, ஒரு ஜோடி கையுறையை எடுத்தார்.

மறுநாள் அவர் கையுறையோடு வேலைக்கு வந்ததைப் பார்த்து ஃபோர்மேன் ஒருதரம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ரசமட்டம் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கல்லைப் பதித்தார், கண்ணை மூடினார், கையுறை விரலால் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவினார். இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, வலது கால் பெருவிரலால் சந்தின் மேல் நடந்தார். தளமே கொல்லென்று சிரித்தது.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க. கல்லு நேரா இருக்கா இல்லையா?"

நேராகத்தான் இருந்தது. வேகம்தான் பாதி. அந்த மாதம் முழுக்க அப்படியே ஓட்டினார். தினமும் படுக்கும் முன் விரல்களில் எண்ணெய் தடவிக்கொள்வார். தட்டு கழுவுவதைக்கூட டிரைவர் தலையில் கட்டிவிட்டார். பாத்திர சோப்பு விரலைத் தின்னுமாம். காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

"வந்துச்சாண்ணே?" என்று மேலிருந்து குரல் வரும்.

"ஓரமா ஒரு கோடு தெரியுது."

பேரைக் கொடுக்காதே என்று ஒற்றைக்காலில் நின்ற அதே டிரைவர், கடைசி வாரத்தில் தானே இறங்கி வந்து, செல்போன் விளக்கை அடித்து அந்த விரலைப் பார்க்க ஆரம்பித்தான். "நடுவுலயும் வருதுண்ணே, நல்லா பாரு."

மாதக் கடைசிக்கு முந்தின நாள் போனார்கள். வெள்ளைச் சட்டை அதேதான், கையைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவியிருந்தார். நகத்தில் சிமென்ட் கறை அப்படியே இருந்தது. அதே ஜன்னல், அதே பெண் அதிகாரி. சளி விட்டிருந்தது. இயந்திரத்தைப் பார்த்ததும் இவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முதல் தடவை சிவப்பு. டிரைவர் பின்னால் நாற்காலியில் தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தாள். "கொஞ்சம் சாய்ச்சு, ஓரத்தை வைங்க சார். அழுத்தாதீங்க." கண்ணை மூடினார். கல்லின் மேல் வைப்பதுபோல் மெல்ல வைத்தார்.

"வந்துடுச்சு" என்றாள்.

கையெழுத்துப் போட்டார். கோணாமல், கோட்டின் மேல், நிறுத்தி நிதானமாக.

"ஒரு கேள்வி கேக்கணும் சார், எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். நீங்களா விருப்பப்பட்டுத்தானே குடுக்குறீங்க? யாரும் வற்புறுத்தலையே?"

"வற்புறுத்தினாங்க மேடம். குடுக்காதேன்னு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். "பிள்ளைங்களோட புதுப் பேரை ஒருதரம் வாய்விட்டுப் படிச்சிடுங்க. முழுப் பேரா."

அப்போதுதான் மேஜை மேல் இருந்த அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. அண்ணன். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. அதிர்ந்து அதிர்ந்து போன் தானாக நகர்ந்து கோணலாக நின்றது.

"பேசணும்னா பேசிட்டு வாங்க சார், பரவாயில்ல."

"இங்கேயே பேசலாமா மேடம்?"

அவள் தலையாட்டினாள். போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மறுபடி மேஜையிலேயே வைத்தார். "டேய், எங்கடா இருக்க?" என்றது அண்ணன் குரல். ஒரு விரலால் தள்ளி, போனின் ஓரத்தை மேஜை ஓரத்துக்கு நேராக்கினார். பிறகு காகிதத்தைக் கையில் எடுத்து, மகள் பெயரையும் அதன் பின்னால் அவள் அம்மாவின் பெயரையும், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி உரக்கப் படித்தார். அண்ணன் குரல் நின்றது. குரலைத் துளியும் இறக்காமல், மகன் பெயருக்குப் போனார்.