வழும்பு போகக் கழுவிய பன்னிரண்டு கெளுத்திகள்

காலை ஆறு இருபதுக்கு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து ஒன்பது மணி நேரம். ஜன்னல் மூடாது, பக்கத்து இருக்கைக்காரர் குறட்டையை நிறுத்த மாட்டார். கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில் துவாய்களில் சுற்றிய பன்னிரண்டு வெறும் கண்ணாடிப் போத்தல்கள். அவை உடைந்துவிடக் கூடாதென்று வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வவுணதீவுக்கு ஆட்டோ எண்ணூறு ரூபாய். ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர்தான், ஆனாலும் பேரம் பேசத் தெம்பில்லை. போத்தல்கள் கிலுங்குவதைக் கேட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மிஸ், ஊறுகாய் யாவாரமா?”

“இல்லை, சேறு அள்ளப் போறன்.”

“சேறா! அதுக்கா கொழும்பில இருந்து வாறீங்க? இஞ்ச ஆரும் சும்மாவே தருவாங்களே!” என்று வலையிறவுப் பாலம் முடியும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். பாலத்தின் இரு பக்கமும் வாவி ஆடாமல் கிடந்தது. ஐப்பசி மழை இன்னும் தொடங்கவில்லை.

நான் ஆராய்வது நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மீன்களை. அவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணில் கிடைக்காது. பிறகு எதற்கு மட்டக்களப்பு என்று என் அம்மாவே கேட்டுவிட்டார். பழைய கற்களில் பெரும்பாலும் முள்ளும் மண்டை எலும்பும்தான் மிஞ்சியிருக்கின்றன. தோலின் தடம் அபூர்வம். ஏன் சிலவற்றில் மட்டும் தங்கியது என்று அறிய, இன்றைய மீனைச் சேற்றில் புதைத்துப் பார்க்க வேண்டும். கடும் முள்ளும் கவசம்போன்ற மண்டையும் உள்ள கெளுத்தி அதற்குத் தோது. அது அழுகும்போது சுற்றியுள்ள சேற்றில் கறுத்த வழுவழுப்பான படலம் ஒன்று உண்டாகும். தோலின் வடிவம் தங்கினால் அதில்தான் தங்கும். எனக்கு வேண்டியது அந்தப் படலம். எலும்பு ஒரு பொருட்டே அல்ல.

அதற்காக மாசி மாதம் பன்னிரண்டு கெளுத்திகளைக் கம்பிவலைப் பெட்டிகளில் இட்டு வாவியின் ஆழமில்லாத ஓரத்தில், தண்ணீருக்கு அடியில் உள்ள சேற்றில் புதைத்தேன். இடம் காட்டியவர் தங்கராசா அண்ணை, ஐம்பது வயது மீனவர். பார்த்துக்கொள்வதாக வாக்குத் தந்தவரும் அவர்தான். என் ஆராய்ச்சிக்கான உதவிப்பணம் இந்த ஆண்டோடு முடிகிறது. இன்னொரு முறை புதைக்க எனக்குக் காலம் இல்லை.

ஏழு மணிக்கு அவர் வாசலில் இறங்கினேன். தேநீர் தந்த கையோடு அவர் மனைவி மலரக்கா உள்ளே போய், வெள்ளைத் துணி மூடிய தட்டம் ஒன்றை ஏந்தி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. துணியை எடுத்தார். பன்னிரண்டு கெளுத்திகளின் எலும்புகள், வெள்ளை வெளேரென்று, நான் கட்டிய இலக்கத் தகடு சகிதம் வரிசையாகக் கிடந்தன.

“நேத்து விடிய வெள்ளாப்புலயே எல்லாப் பெட்டியும் எடுத்தாச்சி. தங்கச்சி ஏன் சேத்துக்குள்ள இறங்கிக் கஷ்டப்படணும்?” என்றார் தங்கராசா அண்ணை.

“ஒரே கறுப்பு வழும்பு புள்ள. சாம்பலும் புளியும் போட்டு மூணு தரம் உரசினன். மணந்து பாருங்க, ஒரு வெடுக்கும் இல்ல,” என்றார் மலரக்கா.

கெளுத்தி வாங்கினால் தோலின் வழுவழுப்பான வழும்பு போக உரசாமல் இங்கே யாரும் சட்டியில் போடமாட்டார்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதென்றால் இன்னும் ஒரு தடவை கூடுதலாக உரசுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

“ஐயோ, ஆர் உங்களைக் கழுவச் சொன்னது? எட்டு மாச வேலை! எல்லாம் நாசமாப் போச்சு!”

மலரக்கா தட்டத்தைத் திரும்பத் துணியால் மூடினார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு, கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில் தோணியில் போனோம். வழிநெடுகத் தடி நட்டு இறால் வலைகள் கட்டியிருந்தன. பெட்டிகள் இருந்த இடத்தில் மட்டும் தடியும் இல்லை, வலையும் இல்லை, வெறும் தண்ணீர். கோபத்தில் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. குழிகளெல்லாம் தூர்ந்துவிட்டன. கையை விட்டுத் துழாவினேன். வெறும் சேறுதான் வந்தது.

“எலும்பு வேணுமெண்டுதானே தங்கச்சி சொன்னீங்க?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

ஓம், அப்படித்தான் சொன்னேன். மாசி மாதம், இதெல்லாம் என்னத்துக்கு என்று அவர் கேட்டார். வலை இழுக்கிற மனிதரிடம் நாற்பது கோடி ஆண்டுக் கதையை யார் அளப்பது என்று நினைத்து, “எலும்பு எடுக்க அண்ணை” என்று முடித்துவிட்டேன். ஆட்டோக்காரரிடம் விளையாட்டாகச் சொன்ன உண்மையை, எட்டு மாதம் காவல் இருந்தவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

தோணிப் பலகையில் ஈரவிரலால் மீன் படம் கீறி, அப்போதுதான் விளங்கப்படுத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்ப இதுட தோல் எங்க போகுதெண்டுதான் பாக்கிறீங்க,” என்றார். “இதச் சொல்லியிருந்தா சேத்தோட அள்ளிச் சட்டியில வச்சிருப்பனே. உப்புத்தண்ணி நேரம் அந்த வழும்பு தடிப்பா இருக்கும். மழைத்தண்ணி வந்தா இளகிப் போகும். எத்தின செத்த மீனில கண்டிருக்கன்.”

அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. பார்த்து அறிந்திருக்கக்கூடிய பன்னிரண்டும் கழுவிக் காய்ந்துவிட்டன.

மத்தியானம் சோறும் இறால் குழம்பும் போட்டார்கள். “அக்கா, நான் கத்தினது பெரிய பிழை,” என்றேன். “தெரியாமச் செஞ்சிட்டம் புள்ள, மனசில வச்சுக்கொள்ளாதீங்க,” என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எலும்புகளைப் பஞ்சு வைத்து ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கித் தந்தார். ஒரு முள்கூட உடையவில்லை.

இரண்டு மணிக்கு அதே ஆட்டோ வந்தது. வெறும் போத்தல்களையும் தகரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். தங்கராசா அண்ணை ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார்.

“தங்கச்சி, இனி அந்த இடத்தில நான் வலை போடலாமா?”

“எந்த இடத்தில?”

“பெட்டி வச்ச இடத்தில. இறால் நல்லாப் படுற இடம் அது. நீங்க தொட வேணாமெண்டு சொன்னீங்களே, அதான் மாசியில இருந்து போடல்ல.”

பெட்டிகளைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். இடத்தை அல்ல. அதையும் நான் சரியாகச் சொல்லவில்லை.

“போடுங்கோ அண்ணை,” என்றேன்.

“சரி, அப்ப பின்னேரமே கட்டுறன்,” என்று சந்தோஷமாகக் கையைக் காட்டினார்.